இடம்பெயர்ந்த மனம்: மூளை அறிவியல் சொல்லும் சில உண்மைகள்

இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பற்றி அலுவலகங்களிலும், சில வேளைகளில் எமது கோவில் முற்றங்களிலும் கூட ஒரு பேச்சு அடிபடுகிறது. “இந்தச் சனங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் விளங்காது. போன கிழமை கேட்ட கடிதத்தை இந்தக் கிழமையும் கொண்டுவரவில்லை. நிவாரணத்துக்குப் பழகி மந்தமாகிவிட்டார்கள்.” இப்படிச் சொல்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர்களே இதை நம்பத் தொடங்கியிருப்பதுதான் எமக்குக் கவலை தருகிறது. போஞ்சிக் கொடி பூக்கும்போதே கெப்பெட்டிபொல சந்தையில் என்ன விலை போகும் என்று மனக்கணக்காகச் சொல்லக்கூடிய மனிதர், இன்று பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் நிற்கிறார். “தலையே வேலை செய்யமாட்டேங்குது சாமி” என்கிறார்.

அவருக்கு என்ன நேர்ந்தது? அவர் சோம்பேறியாகிவிட்டாரா? புத்தி கெட்டுவிட்டதா? மூளையைப் பற்றியும் மனித நடத்தையைப் பற்றியும் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளாக நடந்துள்ள ஆராய்ச்சிகள் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதிலைத் தருகின்றன. இரண்டும் இல்லை என்பதே அந்தப் பதில். அபாயத்திலும் நெருக்கடியிலும் அகப்பட்ட எந்த மனிதருடைய மூளையும், அவர் துரையாக இருந்தாலும் தொழிலாளியாக இருந்தாலும், இப்படித்தான் இயங்கும்.

வலப்பனைப் பகுதி மக்களுக்கு மண்சரிவு புதிதல்ல. 2007 ஜனவரியில் வடகீழ்ப் பருவமழையின்போது வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தையிலும் மலை சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியோ நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதில் பெரும் பங்கு நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் நேர்ந்தது. அதற்கு முன்பும் இந்தக் குடும்பங்கள் நிம்மதியாக இருக்கவில்லை. 2020-இல் கொரோனா, 2021-இல் இரசாயன உரத் தடை, 2022-இல் எரிபொருளும் கேஸும் இல்லாத வரிசைகள். அடிக்கு மேல் அடி விழுந்த நிலத்தில்தான் கடைசியில் மலையும் விழுந்தது.

மழைச் சத்தம் கேட்டால்

மூளையின் உட்பகுதியில், வாதுமைக் கொட்டை அளவில் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அமிக்டலா என்பது அதன் பெயர். இது எமது உடலின் காவல்காரன். ஆபத்தின் அறிகுறி ஒன்று காதிலோ கண்ணிலோ பட்டதும், நாம் யோசித்து முடிக்கும் முன்பே அது மணி அடித்துவிடும். இதயம் வேகமாக அடிக்கும், கைகால்களுக்கு இரத்தம் பாயும், அட்ரினலின், கோர்ட்டிசோல் போன்ற சுரப்புகள் இரத்தத்தில் கலக்கும். பாம்பைக் கண்டதும் துள்ளி விலகிய பிறகுதான் “அது கயிறு” என்று தெரிகிறதல்லவா? துள்ள வைப்பது இந்தக் காவல்காரன். கயிறு என்று பின்னர் சொல்வது, நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை. திட்டமிடுவது, கணக்குப் பார்ப்பது, கோபத்தை அடக்குவது, போட்ட திட்டத்தை நினைவில் வைத்திருப்பது எல்லாம் இந்த முன்மூளையின் பொறுப்பு.

காவல்காரனுக்குப் பக்கத்திலேயே ஹிப்போகாம்பஸ் என்ற இன்னோர் உறுப்பு இருக்கிறது. இந்தப் பெயருக்குக் கடற்குதிரை என்று பொருள், பார்வைக்கும் அப்படித்தான் இருக்கும். நடந்த ஒன்றுக்கு “இது இந்த இடத்தில், இந்த நாளில் நடந்தது, முடிந்துபோனது” என்று முத்திரை குத்தி வைப்பது இதன் வேலை. உயிர் நடுங்கும் வேளையில் காவல்காரன் மிகையாக வேலை செய்ய, முத்திரை குத்தும் இந்த வேலை சரிவர நடப்பதில்லை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதனால் அந்தச் சத்தமும் மண் வாசனையும் இருட்டும் தேதியில்லாத கடிதங்கள் போல மனதில் கிடக்கின்றன. தகரக் கூரையில் சாதாரண மழை விழுந்தாலும் “அன்று நடந்தது” என்றிராமல் “இப்போது நடக்கிறது” என்றே உடம்பு எடுத்துக்கொள்கிறது. நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிய தாயைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அவருடைய மூளை தன் கடமையைச் செய்கிறது. ஆனால் அது இரவு பகல் ஓயாமல் செய்கிறது, அதுதான் தொல்லை. தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் முன்மூளை தளர்கிறது, மறதியும் எரிச்சலும் கூடுகின்றன. கூடாரத்துக்குள் கணவன் மனைவிக்கிடையே நடக்கும் சண்டையில் பாதி இந்தத் தூக்கமின்மையின் சண்டை என்று நாம் துணிந்து சொல்வோம்.

பயத்தை அழிப்பான் கொண்டு அழிக்க முடியாது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காலத்திலிருந்தே தெரிந்த உண்மை இது: பழைய பயம் அழிவதில்லை, அதன் மேல் “இப்போது ஆபத்தில்லை” என்ற புதிய பாடம் ஒன்று மெல்ல மெல்லப் படிகிறது. ஆனால் எமது மலைகளில் இதிலே ஒரு சிக்கல் உண்டு. மழை உண்மையாகவே ஆபத்தாகவும் வரக்கூடும். எல்லா மழையும் பாதுகாப்பானது என்று மூளைக்குப் பொய் சொல்ல முடியாது. எந்த மழை சாதாரண மழை, எந்த மழை எழுந்து போகவேண்டிய மழை என்று பிரித்தறியவே அது கற்கவேண்டும்.

இதற்கு ஒரு எளிய கருவி போதும். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, நேரான பக்கங்களைக் கொண்ட ஒரு டின்னை மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைத்து, ஒவ்வொரு நாளும் காலையில் பாடசாலை அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை அளந்து எழுதி, டின்னைக் காலி செய்து வைக்கவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் அளவு இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்கவேண்டும், 100-ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150-ஐத் தாண்டினாலோ அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும். நிலத்தில் வெடிப்பு, மரங்கள் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகியவற்றைக் கண்டால் டின்னைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே விலகவேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117. டின்னை அளக்கும் பொறுப்பைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். “ராத்திரி பெய்தது பதினெட்டுத்தான்” என்று ஒரு பிள்ளை எழுதி வைக்கும்போது, அதன் காவல்காரனுக்கும் முன்மூளைக்கும் இடையே பேச்சுவார்த்தை தொடங்குகிறது.

பேச வைப்பதும் பேச விடுவதும்

அனர்த்தம் நடந்த முதல் வாரங்களில் பலர் வருகிறார்கள். பிள்ளைகளிடம் கலர் பென்சிலைக் கொடுத்து “நீ கண்டதை வரை” என்கிறார்கள். தாய்மாரை வட்டமாக உட்கார வைத்து “நடந்ததைச் சொல்லி அழுதுவிடுங்கள், பாரம் இறங்கும்” என்கிறார்கள். அடுத்த நாள் இன்னொரு வண்டி வருகிறது, மறுபடியும் அதே கேள்வி. நல்ல மனதோடு செய்கிறார்கள். ஆனால் அனர்த்தம் நடந்த சில நாட்களுக்குள் ஒரே ஒரு தடவை கூட்டி வைத்து நடந்ததைச் சொல்ல வைப்பதால் பிந்திய மனநோய் தடுக்கப்படுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனமும் இந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. பேச விரும்புகிறவர் பேசட்டும், கேட்பதற்கு ஒருவர் இருக்கட்டும். தோண்டி எடுக்க வேண்டாம்.

விவிலியத்தில் இதற்கு அழகான பாடம் இருக்கிறது. உயிருக்குத் தப்பியோடிய எலியா பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ்ப் படுத்து, சாவு வந்தால் போதும் என்று மன்றாடுகிறார். வானதூதர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்து எழுப்புகிறார், எலியா உண்டு மறுபடியும் தூங்குகிறார், வானதூதர் மறுபடியும் எழுப்பி உணவு கொடுக்கிறார். கடவுளின் கேள்வி நாற்பது நாள் நடைக்குப் பிறகே வருகிறது. யோபுவின் நண்பர்களும் ஏழு பகல் ஏழு இரவு வாய்திறக்காமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தவரைக்கும் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்து “நீ என்ன பாவம் செய்தாயோ” என்று தொடங்கிய பிறகுதான் கெடுத்தார்கள். (எமது சபையிலும் இப்படித் தொடங்குகிறவர்கள் இல்லாமலில்லை.)

பெரும்பாலானோருக்கு மாதங்கள் செல்லச் செல்ல இந்த நிலை தணியும். சிலருக்குத் தணியாது. சம்பவம் கண்முன்னே திரும்பத் திரும்ப வருவது, பல வாரங்களாகத் தூக்கமே இல்லாதது, சாப்பாட்டிலும் பிள்ளைகளிலும் பற்று அற்றுப்போவது, செத்துவிடலாம் என்ற எண்ணம், குடித்தால் மட்டுமே தூங்க முடிகிற நிலை ஆகியவை இருந்தால் அது வைத்தியரிடம் போகவேண்டிய நோய். கால் முறிந்தால் போவதில்லையா, அதுபோல. பேய் பிசாசு என்று காலத்தைக் கடத்த வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைத்துப் பேசலாம்.

விழுப்புரத்துக் கரும்பு விவசாயிகள்

பயம் ஒரு பக்கம். மறுபக்கத்தில் இல்லாமை நிற்கிறது. கையில் காசில்லாதபோது மூளைக்கு என்ன நேருகிறது என்பதை அறிய ஒரு ஆராய்ச்சி நடந்தது. அது எங்கோ அமெரிக்காவோடு நின்றுவிடாமல், தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடமும் நடத்தப்பட்டது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் ஆகிய இருவரும் வேறு இரு அறிஞர்களும் சேர்ந்து இதை 2013-இல் ‘சயன்ஸ்’ என்ற ஆய்விதழில் வெளியிட்டனர்.

கரும்பு விவசாயிக்கு அறுவடையோடுதான் மொத்தமாகக் காசு வரும். அறுவடைக்கு முந்திய மாதங்களில் அவர் ஏழை, பிந்திய மாதங்களில் கொஞ்சம் வசதியானவர். ஆளோ ஒரே ஆள். அறுவடைக்கு முன்பு இவர்களில் 78 சதவீதமானோர் நகையையோ பொருளையோ அடகு வைத்திருந்தார்கள், பின்பு 4 சதவீதம் மட்டுமே. இரண்டு காலத்திலும் அவர்களுக்கு ஒரே விதமான சோதனைகள் வைக்கப்பட்டன. ஒன்று, படங்களின் ஒழுங்கைப் பார்த்து விடுபட்ட துண்டைக் கண்டுபிடிப்பது. மற்றது விளையாட்டுப் போன்றது. தாளில் 5 5 5 என்று எழுதியிருக்கும். எத்தனை இலக்கங்கள் என்று கேட்டால் “மூன்று” என்று சொல்லவேண்டும். வாய் “ஐந்து” என்று சொல்லத் துடிக்கும், அதை முன்மூளை அடக்கவேண்டும். வாசகர்கள் வீட்டில் செய்து பாருங்கள்.

அறுவடைக்கு முன்பு அதே விவசாயி மெதுவாகவும் அதிகப் பிழைகளோடும் செய்தார். படச் சோதனையில் சராசரியாகப் பத்துக்கு ஒரு விடை குறைந்தது. அறுவடை முடிந்து கடன் இறங்கியதும் திறன் திரும்பி வந்தது. சாப்பாடு குறைந்ததாலோ உடல் களைப்பாலோ இது நேரவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். ஆலைகள் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு மாதத்தில் கரும்பு வெட்ட முறை கொடுப்பதால், பருவகாலத்தைக் காரணம் காட்டவும் முடியவில்லை. இந்த ஆய்வின் சில பகுதிகளைப் பற்றி அறிஞர்களிடையே வாதம் உண்டு. ஆனால் கடனோடு வாழ்ந்த எவருக்கும் இதன் சாரம் அதிசயமாகத் தோன்றாது. “நாளை குழுக்கடன்காரன் வருவான், என்ன சொல்வது?” என்ற கேள்வி மூளையின் ஒரு பகுதியை இரவும் பகலும் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் இடத்தில்தான் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், பிரதேச செயலகத்தின் திகதியும், விதைக்கிழங்குக் கணக்கும் நிற்கவேண்டும்.

இதிலிருந்து நாம் இரண்டு பக்கத்தாருக்கும் சொல்ல விரும்புவது உண்டு. குடும்பங்களுக்கு: தலையை நம்பாதீர்கள், எழுதி வையுங்கள். ஒரு பையில் எல்லாப் பத்திரங்களும், சுவரில் ஒரு கலண்டர், பக்கத்து வீட்டுப் படித்த பிள்ளை ஒருவர். காணியைப் பற்றியோ, நட்டஈட்டைப் பற்றியோ, நுண்கடனைப் பற்றியோ “இன்றைக்கே கையெழுத்து” என்று அவசரப்படுத்துபவரிடம் “நாளை தருகிறோம்” என்று சொல்லுங்கள். ஓர் இரவு கழித்து, இன்னொருவரோடு சேர்ந்து வாசித்த பின்பே கையெழுத்து. நெருக்கடியில் உள்ள மூளை இன்றைய நெருப்பை அணைக்க நாளைய வீட்டை விற்கும், தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அலுவலர்களுக்கும் தொண்டர்களுக்கும்: ஒரு குடும்பத்தை ஐந்து தடவை அலையவிட்டு, ஐந்தாவது தடவை மறந்ததற்காக ஏச வேண்டாம். என்னென்ன கடிதம் வேண்டும் என்பதை அவர்கள் வாசிக்கும் மொழியில் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். அதற்குத் திட்டம் எதுவும் தேவையில்லை, ஒரு பேனா போதும்.

எல்லாம் மூளைதானா?

இங்கே ஓர் எச்சரிக்கை. மூளை அறிவியல் என்றதும் எல்லாவற்றுக்கும் மூளையையே காரணம் காட்டும் பழக்கம் பரவி வருகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. “ஏன் மக்கள் போகவில்லை?” என்று அன்று பலரும் கேட்டார்கள். மூளை பழகிய ஆபத்தைக் குறைத்து மதிக்கும் என்று உளவியலார் சொல்வது உண்மைதான். பத்து மழைக்காலம் ஒன்றும் நடக்காவிட்டால் பதினோராவதும் அப்படியே என்று அது எண்ணும். ஆனால் எங்கே போவது? காம்பரா கம்பனியின் பெயரில், காணி அரசின் பெயரில், வேலை அந்த மலையில். போக ஓர் அங்குல நிலமில்லாதவரிடம் போய் “உன் மூளை ஆபத்தை உணரவில்லை” என்று சொல்வது அறிவியலுமல்ல, நீதியுமல்ல. அந்த மக்கள் பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. உடல் கிடைக்காத மரணத்துக்குக் காரியம் செய்வதா, காத்திருப்பதா என்று தெரியாமல் தவித்த குடும்பங்கள் அவை. உயிர் தப்பியவர்களோ புதிய வீடுகளுக்காக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு மனதுக்குச் செய்த சேதத்துக்கு மூளையைக் குறை சொல்ல முடியாது.

அயலவரின் கை

2006-இல் வெளியான ஓர் ஆய்வில் ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளர், மணமான 16 பெண்களை மூளையைப் படமெடுக்கும் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, காலில் சிறிய மின் அதிர்ச்சி வரக்கூடும் என்று அறிவித்தார். தனியாக இருந்தபோது அபாயம் தொடர்பான மூளைப் பகுதிகள் பலமாக இயங்கின. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டபோது அந்த இயக்கம் ஓரளவு குறைந்தது. கணவர் கையைப் பிடித்தபோது இன்னும் நன்றாகக் குறைந்தது. இழவு வீட்டில் நாம் ஏன் ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறோம் என்பதற்கு எமது ஆச்சிமாருக்கு இயந்திரம் தேவைப்படவில்லை. இருந்தாலும், பக்கத்தில் ஒரு மனிதர் இருப்பது வெறும் ஆறுதல் வார்த்தையல்ல, மூளைக்கு மருந்து என்று அறிவியலும் சொல்வது நல்லது.

இந்த மருந்தைத்தான் மீள்குடியேற்றத் திட்டங்கள் பல வேளைகளில் கொட்டிவிடுகின்றன. 1972 பெப்ரவரி 26-இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில், பஃபலோ கிரீக் என்ற மலைப்பள்ளத்தாக்கில், நிலக்கரிச் சுரங்கக் கம்பனியின் கழிவணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். அவர்களும் மலையில் கம்பனியை நம்பி வாழ்ந்த தொழிலாளர்கள். வீடிழந்தவர்களுக்கு அரசாங்கம் தற்காலிக வீடுகளை விரைவாகவே கொடுத்தது, ஆனால் யார் யாருக்கு அயல் என்று பார்க்காமல் கொடுத்தது. அங்கு ஆய்வு செய்த கை எரிக்சன் என்ற சமூகவியலாளர், வெள்ளம் தந்த காயத்தோடு அயலும் ஊரும் சிதறிய காயமும் சேர்ந்து அந்த மக்களை நெடுங்காலம் வாட்டியதாக எழுதினார். இதைக் கூட்டு மனவடு என்கிறார்கள். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரினால் பாதிக்கப்பட்ட எமது வடபகுதிக் கிராமங்களிலும் இதையே கண்டு எழுதியிருக்கிறார்: தனி மனிதர் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் காயப்படுகின்றன, குணமாவதும் அப்படியே.

ராகலை, ஹல்கரனோயா, உடபுசல்லாவைப் பக்கங்களில் லயத்து வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இஸ்தோப்பில் நின்று ஒரு குரல் கொடுத்தால் எட்டுக் காம்பராவிலும் கேட்கும். அந்த நெருக்கம் சண்டைக்கும் காரணம், உயிர் காப்பதற்கும் காரணம். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, சீனி கடன் வாங்குவது, சீட்டுப் பிடிப்பது, காமன் கூத்துக்கு ஒப்பனை போடுவது, செத்தவரைத் தூக்குவது எல்லாம் அந்த வரிசைக்குள்தான் நடந்தன. புதிய இடத்தில் பேர்ச் எண்ணிக்கை கூடலாம், சுவர் நல்ல சுவராக இருக்கலாம். ஆனால் ராமாயி பாட்டியின் பக்கத்தில் யாரும் தெரிந்தவர் இல்லையென்றால், மழை பெய்யும் இரவில் அவர் யாருடைய கையைப் பிடிப்பார்?

ஆகவே, காணிப் பட்டியல் தயாராகும்போதே குடும்பங்கள் இன்னொரு பட்டியலையும் தயாரித்துக் கொடுக்கவேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். பழைய லயத்தில், பழைய ஊரில் எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு இருந்தது, எந்த ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து போக விரும்புகின்றன என்று பெயர்களோடு ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் இன்னொன்றைப் பிரதேச செயலகத்திலும் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை மூன்றாவது பிரதியில் வாங்கி வையுங்கள். சீட்டுக் குலுக்கி வீடு கொடுப்பதாக இருந்தால், தனித்தனிக் குடும்பத்துக்குக் குலுக்காமல் இந்தக் குழுக்களுக்குக் குலுக்கும்படி கேளுங்கள். வீடுகளுக்கு இலக்கம் போடும் முன்பு கேட்டால் இதற்கு அரசாங்கத்துக்கு ஒரு சதமும் கூடுதலாகச் செலவாகாது. இலக்கம் போட்ட பின்பு கேட்டால் மாற்ற முடியாது என்பார்கள்.